மேக்-ஓவர் நிகழ்ச்சிகள்: மரக்காணத்தில் இருந்து பார்த்தால்...

டிவியில் வரும் மேக்-ஓவர் நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான். ஒரு பெண் வருவாள். முடி கலைந்திருக்கும், சட்டை தொளதொளவென்று இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்காது. இரண்டு நிபுணர்கள் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அவளுடைய துணிகளை எல்லாம் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். அப்புறம் கடை, பார்லர், கத்தரிக்கோல், கலர்... கடைசியில் அவள் புது உடையில் வந்து நிற்பாள். குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு அழும். திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒன்று 'முன்', இன்னொன்று 'பின்'. அவ்வளவுதான், நிகழ்ச்சி முடிந்தது!

இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் தெரியவேண்டிய அவசியமே இல்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும். அதனால்தான் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தெருக்களிலும், சேனல் மாற்றும்போது இப்படி ஒரு நிகழ்ச்சி வந்தால் "இரு இரு, மாத்தாத" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

இந்த நிகழ்ச்சிகளைப் பற்றி உலகம் முழுக்க நிறையப் பேசிவிட்டார்கள். "பெண்களை அவமானப்படுத்துகிறது" என்று ஒரு கூட்டம். "தன்னம்பிக்கை தருகிறது" என்று இன்னொரு கூட்டம். ஆனால் வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்து, சாயங்காலம் கால் நீட்டி உட்கார்ந்து இதைப் பார்க்கிற ஒரு அம்மா என்ன நினைப்பார்? அந்தக் கருத்தை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

டிவி வந்த கதை

முதலில் டிவி எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி, இலவச கலர் டிவி. அந்த வருடம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று திட்டம் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இன்ச் டிவிக்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. கூரை வீட்டிலும் டிவி, கேபிள் என்று ஆனது.

அதே காலத்தில்தான் வெளிநாட்டு மேக்-ஓவர் நிகழ்ச்சிகளும் பெருகின. 'வாட் நாட் டு வேர்' என்ற நிகழ்ச்சி 2001இல் பிரிட்டனில் பி.பி.சி.யில் தொடங்கியது. அதன் அமெரிக்க வடிவம் டி.எல்.சி. சேனலில் 2003 முதல் 2013 வரை, பத்து வருடம் ஓடியது. இந்தியாவில் 2004இல் 'டிஸ்கவரி டிராவல் அண்ட் லிவிங்' என்று வந்த சேனல், 2010இல் டி.எல்.சி. என்று பெயர் மாறியது. இந்தியிலும் சும்மா இல்லை. 2003இல் சோனி டிவியில் 'ஜஸ்ஸி ஜெய்ஸி கோயி நஹீன்' சீரியல் தொடங்கியது. பல்லில் கம்பி, பெரிய கண்ணாடி போட்ட ஜஸ்ஸி, ஒருநாள் அழகியாக மாறுவாள். அதில் நடித்த மோனா சிங்கின் நிஜ முகத்தை அதுவரை வெளியே காட்டாமலேயே வைத்திருந்தார்கள். கொலம்பியாவில் 1999இல் தொடங்கிய ஒரு சீரியலின் இந்திய வடிவம் அது. ஆக, 'முன்-பின்' கதைக்கு எல்லா நாட்டிலும் கிராக்கி!

உப்பளத்து உடை

இப்போது உப்பளத்துக்கு வரலாம். சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். கடல் ஒரு பக்கம், கழுவெளி ஏரி ஒரு பக்கம், நடுவில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பளம். வருடத் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை வரும் வரை நடக்கும். மழை வந்துவிட்டால் வேலை இல்லை, கூலி இல்லை.

அங்கே வேலை செய்கிற பெண்களின் உடையைக் கவனித்திருக்கிறீர்களா? புடவையைத் தூக்கி இடுப்பில் செருகி இருப்பார்கள். அதற்கு மேல் ஆண்கள் போடும் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு, அதன் மேல் சும்மாடு. பார்க்கிறவர்களுக்கு "என்ன இது, கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்" என்று தோன்றும்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தோல் அரிக்கும், அதற்கு முழுக்கை. குனிந்து நிமிர்ந்து வாரும்போது புடவைத் தலைப்பு விலகும், அதற்கும் சட்டைதான் காவல். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் மேலே இருந்தும் அடிக்கும், கீழே இருந்தும் அடிக்கும். அதற்குத் தலைத்துண்டு. டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு, போலீசுக்குக் காக்கி. உப்பளத்துக்கு இதுதான் யூனிஃபார்ம். யாரும் தைத்துக் கொடுக்கவில்லை, அவர்களே யோசித்துக் கண்டுபிடித்தது.

டிவியின் கணக்குப்படி பார்த்தால் இந்த உடை எந்தப் படத்தில் வரும்? சந்தேகமே இல்லை, 'முன்' படத்தில்தான்.

ஒரே வீட்டில் நாலு கருத்து

தானே புயல் அடித்துப்போன அடுத்த வருடம், 2012. மரக்காணத்தில் ஒரு உப்பளத் தொழிலாளியின் வீடு. ஆயா, அம்மா, திண்டிவனத்துக்குக் கல்லூரிக்குப் போகிற பெண், பன்னிரண்டாவது படிக்கிற தம்பி. அந்த வீட்டில் மேக்-ஓவர் நிகழ்ச்சி ஓடினால் நாலு பேரும் நாலு விதமாகப் பேசுவார்கள்.

ஆயாவுக்கு ஒரே சந்தேகம்தான். "பொண்ணு நல்லாதான இருக்குது? எதுக்கு இப்பிடி அழுவுது?" 'பின்' படம் வந்த பிறகும் ஆயாவுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. "முன்ன இருந்ததே லட்சணமா இருந்துச்சி" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துக்கொள்வார்.

தம்பிக்கு எல்லாம் சிரிப்பு. "பொம்பளைங்களுக்கு வேற வேலையே இல்ல" என்பான். சொல்கிறவன் அலமாரியில் ஆண்களுக்கான சிகப்பழகு கிரீம் ட்யூப் ஒன்று இருக்கும். 2005இல் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்து, ஷாருக் கான் விளம்பரத்தில் தோன்றியதில் இருந்து ஆண்களும் அந்த வரிசையில் சேர்ந்தாகிவிட்டது. அவன் மட்டும் என்ன விதிவிலக்கா?

கல்லூரிப் பெண்ணுக்கு நிகழ்ச்சி பிடிக்கும். அதற்கு அவள் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. விலை அதிகமான துணி நன்றாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உடம்புக்குச் சரியாகப் பொருந்துகிற துணிதான் நன்றாக இருக்கும் என்று தெரிந்தது இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துத்தான். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற சந்தையில் ஒரு சுடிதார் வாங்கி, தெரு டெய்லரிடம் கொடுத்துத் தோளையும் இடுப்பையும் பிடித்தால் போதும், புதுசாக ஆகிவிடும். "வகுப்புல வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே துணியப் பாத்து முடிவு பண்ணிடுறாங்கம்மா. அது தப்புதான். ஆனா பண்றாங்களே?" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா புதுச்சேரியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். அவரும் இதையேதான் சொல்வார். அங்கே தலைவாரி, பவுடர் போட்டு, பூ வைத்து வந்தால்தான் கவுன்ட்டரில் நிற்க முடியும்.

"அழகெல்லாம் சும்மா, மனசுதான் முக்கியம்" என்று எளிதாகச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். துணியை வைத்து யாரும் தன்னை எடைபோடாத இடத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அப்படிச் சொல்வது சுலபம்.

அம்மா கேட்ட கேள்வி

அம்மாவின் கருத்துதான் வித்தியாசமானது. முதலில் அவர் கேட்பது எல்லாம் கணக்கு. "இவ்ளோ துணிக்கும் காசு யாரு குடுக்குறா?" அமெரிக்க நிகழ்ச்சியில் அந்தப் பெண்ணுக்கு 5,000 டாலர் கொடுப்பார்கள் என்று மகள் சொன்னாள். "அப்ப பழைய துணி?" அதை எல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கிழியாத துணியைக் குப்பையில் போடுவதா? ஒரு சட்டை, அப்பாவுக்குப் பழசாகி, உப்பளத்துக்குப் போய், கிழிந்து, சும்மாடாகி, கடைசியில் அடுப்பங்கரைத் துணியாகும் வீடு அது.

ஆனால் அம்மாவை உண்மையிலேயே உறுத்தியது வேறு விஷயம். அந்த நிகழ்ச்சியில் பெண் தானாக வருவதில்லை. தோழிகளோ குடும்பத்தாரோ அவள் பெயரைக் கொடுப்பார்கள். பிறகு இரண்டு வாரம் அவளுக்கே தெரியாமல் அவளைப் படம் பிடிப்பார்கள். திடீரென்று ஒருநாள் எல்லோருமாக வந்து நின்று, அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். மகள் இதை விளக்கியதும் அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல ஒரு வார்த்த கேட்டாங்களா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து! அந்த வழியாகப் போகிற கார்கள் உப்பளத்தைப் பார்த்ததும் ஓரமாக நிற்கும். இறங்குகிறவர்கள் வானம், பாத்தி, உப்புக் குவியல் என்று படம் எடுப்பார்கள். அப்படியே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற பெண்ணையும் எடுப்பார்கள். கேட்டுவிட்டு எடுப்பவர்கள் குறைவு. எடுத்த படம் எங்கே போகும், அதன் கீழே என்ன எழுதுவார்கள், எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் படம் பிடிக்கப்படுவது என்றால் என்ன என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிவியில் அந்த அமெரிக்கப் பெண் முகத்தை மூடிக்கொண்டபோது, வீட்டில் அவருக்காகப் பேசியது அம்மா ஒருவர்தான்.

இதைவிட மோசமான நிகழ்ச்சிகளும் வந்தன. 2004இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் 'தி ஸ்வான்' என்று ஒன்று. பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிளாஸ்டிக் சர்ஜரி வரை செய்து, மாதக்கணக்கில் கண்ணாடியே பார்க்க விடாமல் வைத்திருந்து, கடைசியில் அழகிப்போட்டியும் நடத்தினார்கள். கடுமையான எதிர்ப்பு கிளம்பியது. இரண்டு சீசனோடு கடையை மூடிவிட்டார்கள். அங்கே பெண்கள் ஒப்புக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் அந்த ஒப்புதலுக்கு முன்னால் எத்தனை வருடம் "நீ அழகில்லை" என்று கேட்டிருப்பார்கள்?

முப்பது வினாடி மேக்-ஓவர்

சொல்லப்போனால் தமிழ்நாட்டில் அதிகம் பேர் பார்த்த மேக்-ஓவர் நிகழ்ச்சி முப்பது வினாடிதான் ஓடும். சிகப்பழகு கிரீம் விளம்பரம்! கறுப்பாக, சோகமாக ஒரு பெண். கிரீம் பூசுகிறாள். வெளுக்கிறாள். வேலை கிடைக்கிறது, கல்யாணம் ஆகிறது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' தலைமுறை தலைமுறையாகச் சொன்ன கதை இது. சினிமாவும் சளைக்கவில்லை. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் ரஜினிகாந்தையே ஒரு பாட்டுக்கு வெள்ளைக்காரர் நிறத்துக்குக் கம்ப்யூட்டரில் மாற்றினார்கள். அதே படத்தில் கறுப்பான இரண்டு சகோதரிகளை வைத்துக் காமெடியும் செய்தார்கள். தியேட்டரே சிரித்தது.

உப்பளத்தில் நிற்கிற பெண்களுக்கு இது வெறும் காமெடி இல்லை. அவர்கள் கறுப்பது வேலையால். அந்த வேலை நடந்தால்தான் நம் சாப்பாட்டுக்கு உப்பு. அதையே குறை என்று சாயங்காலம் அவர்கள் வீட்டு டிவி சொன்னால் எப்படி இருக்கும்?

பார்வையாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. அப்பாவுக்கு மகன் இல்லையே என்ற கவலை, மகள் கிரீம் பூசி வெளுத்து விமானப் பணிப்பெண் ஆகிறாள் என்று ஒரு விளம்பரம் வந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் எதிர்த்தது. 2003இல் அந்த விளம்பரம் நின்றது. 2009இல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாகச் சேர்ந்தபோது நாடு முழுக்கப் பேச்சானது. 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், கறுப்பானவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2020இல் அந்த கிரீமின் பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. ட்யூபுக்குள் இருப்பது எவ்வளவு மாறியது என்பது வேறு கேள்வி. ஆனாலும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வாயைத் திறந்தால் டிவி கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதற்கு இது சாட்சி.

மாற்றம் யாருடையது?

அப்படியானால் மேக்-ஓவரே தப்பா? இல்லவே இல்லை. உடையை மாற்றுவது மனித வரலாற்றிலேயே பெரிய விஷயம்.

இந்தியாவின் மிகப் பிரபலமான மேக்-ஓவர் மதுரையில் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் தலைப்பாகையையும் சட்டையையும் விட்டுவிட்டு, இடுப்புத் துணியோடு வெளியே வந்தார். அன்று முதல் கடைசிவரை அதுதான் உடை. டிவி கணக்குப்படி பார்த்தால் அது தலைகீழ் மேக்-ஓவர். 'பின்' படத்தில் இருக்க வேண்டியவர் 'முன்' படத்துக்குப் போய்விட்டார்!

அம்பேத்கர் எதிர்த்திசையில் போனார். கோட்டு, சூட்டு, டை. நல்ல துணி உடுத்தவே கூடாது என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அந்த சூட்டு ஒரு பதில். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மறைத்துத் துணி போடுவதற்காகப் பல்லாண்டு போராடி, அடி வாங்கி, 1859இல்தான் அரச ஆணை பெற்றார்கள். அந்த ஆணையிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. ஒரு முழம் துணிக்கு அவ்வளவு பெரிய போராட்டம்!

ஒருவர் துணியைக் குறைத்தார், ஒருவர் கூட்டினார், அந்தப் பெண்கள் உரிமையாகக் கேட்டு வாங்கினார்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். முடிவு உடுத்துகிறவருடையது. மரக்காணத்து அம்மா டிவியைப் பார்த்துக் கேட்டதும் அதைத்தான்.

அந்த வீட்டிலும் ஒரு மேக்-ஓவர் நடந்தது. மகளின் கல்லூரி விழாவுக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். அம்மாவை எப்படி அழைத்துப் போவது என்று மகளுக்குள் ஒரு தயக்கம். டிவி நிபுணர்கள் மாதிரி ஒரு பட்டியலே போட்டுவிட்டாள்: புது ரவிக்கை, முகத்துக்கு பேஷியல், தலைக்கு டை, வெடித்த பாதத்துக்குக் கிரீம். அம்மா பட்டியல் முழுவதையும் கேட்டார். ரவிக்கைக்குச் சரி சொன்னார், பழையது தோளில் தொங்குகிறது என்று அவருக்கே தெரியும். பாதத்துக்குக் கிரீமும் சரி, எரிச்சல் குறையும். பேஷியலும் டையும் வேண்டாம். "நரைச்சது நரைச்சதுதான். இந்த மூஞ்சியதான் நாளைக்கி அளத்துலயும் பாக்கப் போறாங்க" என்றார். புடவை மட்டும் தானே எடுத்தார், நல்ல அரக்குக் கலர். மகளுக்கு மனசுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் வகுப்புத் தோழிகள் "உங்கம்மா புடவ சூப்பர்" என்று சொன்னபோது, "அவங்களே செலக்ட் பண்ணது" என்று சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்கு மேக்-ஓவர் டிவியைத் தாண்டி செல்போனுக்கு வந்துவிட்டது. யூடியூபைத் திறந்தால், ரீல்ஸைத் தள்ளினால், 'முன்-பின்' வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ரோட்டோரம் பூ விற்கிறவரையும் வீடில்லாமல் இருக்கிறவரையும் அழைத்துப்போய் முடி வெட்டி, புதுத் துணி போட்டு, அழவைத்துப் படம் எடுக்கிறார்கள். லட்சக்கணக்கில் பார்க்கிறோம், நாமும் கொஞ்சம் அழுகிறோம். அந்தத் துணி அடுத்த நாள் அவர் வேலைக்கு உதவுமா, வீடியோவில் வந்த வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறவர்கள் குறைவு.

நண்பர்களே, அடுத்த முறை அப்படி ஒன்றைப் பார்க்கும்போது 'பின்' படத்தை ரசியுங்கள், தப்பே இல்லை. நல்ல டெய்லரைக் கண்டுபிடிக்க அது உதவினால் இன்னும் நல்லது. கூடவே 'முன்' படத்தையும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அந்தச் சட்டை எதற்காகப் போட்டது, அந்த முகம் எந்த வெயிலில் கறுத்தது, படம் எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது காரை நிறுத்துகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்!